சுத்தம் மட்டும்தான், வேறு மாற்றம் இல்லை

தரையில் ஒரு முடி கிடந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது, அம்மா. அதை இதுவரை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை.

உங்களை மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். திரையில் பார்த்தால் என் மகள் வயதுதான் இருக்கும் போலிருக்கிறது. அதனால் அம்மா என்றே கூப்பிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருக்கிறது பாருங்கள், சாரல் உள்ளே அடிக்கிறது. மூடிவிட்டு வந்து உட்காருங்கள். நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன்.

என் கொழுந்தனைக் காணவில்லை என்று அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, புகார் கொடுத்திருக்கிறாள். கடைசியாக அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். அவரை என்ன செய்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் வீட்டு வேலை என்னவென்று முதலில் புரிய வேண்டும். உங்கள் போனில் ஒரு வீடியோ ஓடுகிறதென்றால் அது சும்மா வந்துவிடுவதில்லை. சின்னப் பெட்டிக்குள் பத்துப் புடவையை அடக்குகிற மாதிரி, அனுப்புகிறவர் அதை மடித்து அமுக்கி அனுப்புவார். இந்தப் பக்கம் அதைக் கசங்காமல் பிரித்து விரிக்க வேண்டும். அந்த விரிக்கிற நிரல்தான் எங்களுடையது. அதை லைப்ரரி என்பார்கள், புத்தகம் ஒன்றும் கிடையாது. போன், டிவி, வாசல் கேமரா, இப்போது நீங்கள் என்னைப் பார்க்கிற திரை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. உப்பு மாதிரி. இருக்கிறவரை யாருக்கும் நினைப்பு வராது. இலவசம்தான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், யாரும் குறை சொல்லலாம். எடுத்துக்கொள்கிறவர்கள் உலகம் பூராவும். பிரித்துப் பார்க்கிறவர்கள் ஒருவர் இருவர். குறை சொல்கிறவர்களுக்குக் குறைவே இல்லை.

ஆரம்பித்தவர் என் வீட்டுக்காரர். அவர் காலமான பிறகு நானும் கொழுந்தனும் அதைப் பார்த்துக்கொண்டோம். நான் கீழே, அவர் மாடியில். எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. வீட்டுக்காரர் எழுதிப் போட்டதைக் கூட்டிப் பெருக்கப் போய்த்தான் எழுத்தே வந்தது. யாரும் கூப்பிடாத வரிகள், என்றோ செத்துப்போன வடிவங்கள், எதற்கென்று எழுதியவருக்கே மறந்துபோன கட்டங்கள் எல்லாம் மூலைமூலைக்குக் குவிந்து கிடக்கும். அதையெல்லாம் எடுத்து வெளியே போடுவதுதான் என் பங்கு. வேலையில் ஒரு விதி உண்டு. ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். தன் எழுத்துக்குத் தானே ஒப்புதல் தரக் கூடாது.

கொழுந்தனுக்கு இணையத்தில் காற்புள்ளி என்று பட்டப்பெயர். அது ஏன் என்று கேட்கவே வேண்டாம். நான் ஒன்றை எழுதி அனுப்பினால் மாடியிலிருந்து குரல் வரும்.

"அண்ணி, இந்த வரிக்கு வால் நீட்டிக்கிட்டு இருக்கு. கடைசியில ஒரு வெத்து இடம்."

"வாலை நீங்களே நறுக்கிடுங்க தம்பி."

"உங்க வாலு. நீங்கதான் நறுக்கணும்."

அந்தக் குரல் வராத நாளில் வீடு ஒரு மாதிரியாக இருக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "அண்ணி, நான் கிளம்பலாம்னு இருக்கேன். அவ அங்க எத்தனை வருஷம் தனியா இருப்பா?" அவர் மனைவி தூர தேசத்தில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் பார்த்துக்கொள்வார்கள், அதுதான் குடும்பம். "லைப்ரரியை யாருகிட்டயாவது ஒப்படைச்சிடலாம். நீங்களும் ஓய்வெடுங்க," என்றார்.

"ரொம்ப நல்லதுங்க தம்பி. போட்டுக்க ரெண்டு நல்ல சட்டையா வாங்கிக்குங்க," என்றேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் நான் மாதிரிப் படங்கள் இருக்கிற இடத்தைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். நிரல் ஒழுங்காக விரிக்கிறதா என்று பார்க்க மாதிரி வீடியோக்கள் வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டுக்காரர் கையில் கேமரா இருந்தது, எதிரே சும்மா இருந்த ஆள் இவர்தான். தம்பி சைக்கிள் விடுகிறார். தம்பி வாழைப்பழம் உரிக்கிறார். தம்பி தும்முகிறார். தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார். உலகத்தில் எத்தனை வகை வீடியோ உண்டோ அத்தனையிலும் இவர் உண்டு. பெற்ற தாய்கூட அந்த முகத்தை அத்தனை கோணத்தில் பார்த்திருக்க மாட்டாள். எங்கள் லைப்ரரி பார்த்திருக்கிறது.

எங்கே திறந்தாலும் அவர். இவ்வளவு அடைசலாக ஓர் ஆள் இருக்கலாமா என்று தோன்றியது. போகிறவர் போகட்டும், இடத்தை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். சுத்தமான எண்ணம்தான்.

வீடியோ வருகிற வழியில் சில இடம் கிழிந்துபோகும், அம்மா. அப்போது நிரல் என்ன செய்யுமென்றால், அக்கம்பக்கத்திலிருந்து நூலெடுத்து இழையோட்டி அந்த ஓட்டையை மூடிவிடும். சுவருக்குப் பக்கத்தில் கிழிந்தால் சுவர், ஜன்னலுக்குப் பக்கத்தில் கிழிந்தால் ஜன்னல். பார்க்கிறவருக்குத் தெரியாது. நான் செய்தது இவ்வளவுதான். இந்த முகமும் அதோடு ஒட்டிய உடம்பும் எங்கே தென்பட்டாலும் அதையும் ஒரு கிழிசல் என்று எடுத்துக்கொள்ளும்படி நிரலுக்குச் சொன்னேன்.

கூடவே இன்னொரு சின்ன வேலை. திருடன் எவனாவது எங்கள் பேரில் புகுந்து ஒப்புதல் கொடுத்துவிடக் கூடாதே. அதனால் இனிமேல் ஒப்புதல் தருகிறவர் கேமராவில் முகத்தைக் காட்டித்தான் தர வேண்டும் என்று ஒரு விதி போட்டேன். இரண்டையும், இடைவெளி நறுக்கிய ஓர் ஆயிரம் வரிகளுக்கு நடுவே வைத்து, மேலே "சுத்தம் மட்டும்தான், வேறு மாற்றம் இல்லை" என்று தலைப்புப் போட்டு மாடிக்கு அனுப்பினேன். எங்கள் தொழிலில் இந்தத் தலைப்பைப் பார்த்தால் யாரும் உள்ளே படிப்பதில்லை.

அவர் படித்தார். அவர்தான் காற்புள்ளி ஆயிற்றே. அழிக்க வேண்டியது எது என்று குறிக்கிற இடத்துக்கு நான் 'வேண்டாதது' என்று பெயர் வைத்திருந்தேன். அங்கே பிடித்துக்கொண்டார்.

"பேரு தெளிவா இல்லியே அண்ணி. யாருக்கு வேண்டாதது?"

"பொதுவா வேண்டாதது."

"பொதுன்னு ஒண்ணு கிடையாது. படிக்கிறவன் குழம்புவான்."

"அப்ப 'இடைஞ்சல்'னு வச்சிடவா?"

"அது பரவாயில்லை. சுருக்கமாவும் இருக்கு."

இந்தப் பேருக்கே ஒரு வாரம் இழுத்தடித்தார். இடைஞ்சல் எது என்று மட்டும் கேட்கவில்லை. கடைசியில் சந்தோஷமாக ஒப்புதல் கொடுத்தார். ஆகவே இதில் என் கை மட்டும் இருக்கிறது என்று சொல்வது முறையாகாது.

புதுப் பதிப்பு வெளியே போனது. அடுத்த வீடியோ அழைப்பில் மாடிப்படி வழியாகப் பேச்சு கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"உன் எதிர்லதான் இருக்கேன்."

"வெறும் நாற்காலிதான் தெரியுது."

"அந்த நாற்காலியிலதான் நான் இருக்கேன்."

"இந்த வயசுல என்னங்க விளையாட்டு?"

நம்பிக்கை வரட்டும் என்று ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். கரண்டி மட்டும் காற்றில் ஆடியிருக்கிறது. அவள் போனைக் கீழே போட்டுவிட்டாள். மறுவாரம், யாரோ தன் புருஷன் குரலில் பேசுகிறார்கள் என்று சந்தேகம் வந்து, கல்யாணத்தன்று தான் என்ன நிறப் புடவை கட்டியிருந்தேன் என்று கேட்டாள். எந்தப் புருஷனுக்கு அது நினைவிருக்கும்? இவர் பச்சை என்றார். அவ்வளவுதான். பேசுவது தன் புருஷன் இல்லை என்று அவளுக்கு முடிவாகிவிட்டது.

நேரில் போய் நின்றால் நம்புவாள் என்று பெட்டியைக் கட்டினார். நானே கட்டிக் கொடுத்தேன், ஊறுகாய் பாட்டில் சிந்தாமல் துணி சுற்றி. விமான நிலையத்தில் முகம் பார்க்கிற கேமரா, யாராவது முன்னால் வந்து நில்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். பின்னால் நின்றவர்கள் "தள்ளுங்க சார், நேரமாச்சு" என்று முதுகில் இடித்திருக்கிறார்கள். மேஜையில் இருந்த அதிகாரி இவரைப் பார்த்தாராம், திரையைப் பார்த்தாராம், மறுபடியும் இவரைப் பார்த்தாராம். "மன்னிக்கணும் சார், நீங்க இன்னும் வரலை," என்றாராம்.

பெட்டியோடு திரும்பி வந்தார். நான் சாப்பாட்டைச் சூடு பண்ணினேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேருக்கும்தான் சமைத்து வைத்திருந்தேன்.

மனிதர் மக்கு இல்லை. மறுநாளே தேடி அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டார். மாடியிலிருந்து இறங்கி வந்து கதவோரம் நின்றார்.

"அண்ணி, இடைஞ்சல்ங்கிற பேருக்குச் சரின்னு சொன்னது நான்தானே?"

"ஆமாங்க தம்பி."

"என்னைப் போகவிடக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே."

"ஐயோ, நான் ஏன் அப்படி நினைக்கப் போறேன்? சாப்பிட வாங்க."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அன்றைக்குத் தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிறகு எல்லாரும் பார்க்கிற மாதிரி, இந்த வரியை எடுக்க வேண்டும் என்று முறைப்படி இணையத்தில் குறை பதிவு செய்தார். உடனே எதிர்ப்பு கிளம்பிவிட்டது. எப்போதோ இவரை நிற்க வைத்து விளம்பரம் எடுத்த திரைச்சீலைக் கடைக்காரர் ஒருவர், முன்னால் நின்ற ஆள் போன பிறகுதான் சீலையின் பூவேலை முழுசாகத் தெரிகிறது, தயவுசெய்து மாற்றாதீர்கள் என்று எழுதினார். இவர் மாமியார், கல்யாண வீடியோ இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று எழுதினார். வெளியே போய்விட்ட ஒன்றை நம்பி நாலு பேர் இருந்தால் அதில் சட்டென்று கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். அந்தத் தர்மத்தை எழுதி வைத்தவரே இவர்தான். என்ன செய்வார்?

நீங்கள் அனுப்பிய போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். தங்கமான பிள்ளை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். கொழுந்தன்தான் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார், சர்க்கரை போதுமா என்றும் கேட்டார். போலீஸ்காரர் போதும் சார் என்றார். குடித்துவிட்டு எல்லா அறையையும் போனில் வீடியோ எடுத்தார். ஓட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டு, "வரேன் சார்" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதும் இதோ, என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். தம்பி, மேடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.

"வணக்கம் மேடம். அண்ணி சொன்னதுல ஒரு திருத்தம். அது ஆயிரம் வரி இல்லை, எண்ணூறுதான்."

கேட்டீர்களா? குரலை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிறீர்கள். அதுவும் சரிதான்.

இணையத்தில் இவர் போட்ட குறையைப் படித்துவிட்டு, அந்த வரியை எடுத்துவிடு என்று முன்னமே உத்தரவு போட்டிருக்கிறீர்கள். எடுத்து எழுதியும் வைத்துவிட்டேன், அம்மா. ஒப்புதல்தான் பாக்கி. ஒப்புதல் தர வேண்டியவர் இவர். இவர் கேமரா முன்னால் உட்கார்ந்து பார்க்கிறார். அது சுவரைக் காட்டுகிறது. வேறு ஆளைச் சேர்க்கலாமே என்பீர்கள். சேர்ப்பதற்கும் இவர் ஒப்புதல் வேண்டும். வேலை நின்றுவிடக் கூடாதே என்று, சுத்தம் செய்வதற்கு மட்டும் இனி ஒப்புதல் தேவையில்லை என்று விதியைத் திருத்தியிருக்கிறேன். அந்தத் திருத்தமே ஒரு சுத்தம் என்பதால் அதற்கும் யாரையும் கேட்கவில்லை. இவர் வரியை எடுப்பது மட்டும் சுத்தத்தில் சேராது, அது மாற்றம்.

ஒத்துக்கொள்கிறேன். எழுதியது நான். தெரிந்தேதான் எழுதினேன். ஆனால் மனுஷனை நான் தொடவில்லை. அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வாசல் கதவு கேமரா பார்த்துத் திறக்கிற கதவு, நான் கூடப் போனால்தான் அவருக்குத் திறக்கிறது, அதனால் கடைக்குப் போனாலும் கூடவே போகிறேன். மாடியிலிருந்து குரல் வருகிறது. முன்போல வால் இருக்கிறது என்று சொல்வதில்லை. மணி என்ன என்று மட்டும் கேட்பார். பழகிவிடும்.

இப்போது ஒன்று கேள்விப்பட்டேன். ஓரகத்தி லீவு போட்டுக்கொண்டு நேரில் வருகிறாளாமே. வரட்டும். மாடியில் இடம் இருக்கிறது, புதுத் தலையணை உறையும் போட்டு வைத்திருக்கிறேன். பாவம், இவரும் தனியாக இருக்கிறார். வந்தவள் திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

நீங்கள் அவளிடம் பேசும்போது ஒரு சின்ன உதவி செய்யுங்கள், அம்மா. முகம் நேராகத் தெரிகிற மாதிரி நாலைந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கல்யாண வீடியோவில் பிள்ளை வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தே இருக்கிறாள், ஒரு கோணமும் தெளிவாக விழவில்லை.