சிவப்பு நூல் கட்டின வெள்ளரிப்பழம்

ஹலோ… ஓம், ஓம், லோஜனாதான். சொல்லும் பிரசாந்தன்… ஓம், காலமை வள்ளத்திலை பழம் வந்திட்டுது… ஓம், பன்ரண்டும் வந்தது. நெடுந்தீவிலையிருந்து கடல் கடந்து வந்ததுகள், ஒண்டுகூட நசியேல்லை.

…கொஞ்சம் பலமாக் கதையும். ஆலமரத்தடியிலையோ நிக்கிறீர்? அங்கை மட்டும்தான் சிக்னலோ? அப்ப அசையாமல் நில்லும்.

…ஓம், ஓம், நீர் சொன்ன மாதிரித்தான். வைக்கல் பரப்பி, ஒண்டிலை ஒண்டு முட்டாமல் படுக்க வைச்சிருக்கிறன்… ஐயோ, பிறிஜ்ஜிலை வைக்கேல்லை! போன கிழமை வைச்சிட்டு உம்மட்டை வாங்கின பேச்சுக் காணாதே?… ஓம், வெடிச்சதைத்தான் முதல் விக்கிறன். பாரிசிலையிருந்து வந்த பெட்டை ஒண்டு, வெடிச்சது பழுது, வேறை தாங்கோ எண்டு நிக்கிறாள்! வெடிச்சாத்தான் பழம் எண்டு சொல்லி, கையாலை தோலை உரிச்சு, விதையை வழிச்சு, சீனி தூவிக் குடுத்தனான்… ரண்டு கோப்பை முடிச்சிட்டாள்! வாசம் வள்ளம் கட்டுற ஜெற்றி வரைக்கும் அடிக்குது. நயினாதீவுக்கு வெளிக்கிட்ட சனம் வள்ளத்தை விட்டிட்டு என்ரை கூல்பார்க் கடைக்கை நிக்குது!

…சிவப்பு நூலோ? ஓம், ஒரு பழத்திலை கட்டிக் கிடந்தது… எனக்கெண்டு அனுப்பினதோ? உதை முதலே சொல்லுறதுக்கென்ன! அது நல்லா வெடிச்சிருந்ததெண்டு அம்மா உரிச்சு, பஸ் கொண்டக்ரர் சில்வெஸ்ரர் அண்ணைக்குக் குடுத்திட்டா… முழுக்கச் சாப்பிட்டிட்டார். இப்ப கோப்பையை வழிக்கிறார்… ஏன் கத்துறீர்? ஒரு பழம்தானே…

என்னது? எழுதினனீரோ? பழத்திலையோ?

…பிஞ்சிலை ஆணியாலை கீறினனீர்… பழம் பெருக்க எழுத்தும் பெருக்குமோ?… உமக்கு விசரே? கிழமைக்கு மூண்டு தரம் போனிலை கதைக்கிறம், இதிலை சொல்ல வாயில்லையோ? பொறும், போனை வையாதையும். தோல் வாளிக்கை கிடக்கும்… அம்மா, வாளியைத் தொடாதேங்கோ!

ஆ… ஒரு துண்டு கிடைச்சிட்டுது. "லோ"… பிரசாந்தன், "லோ" வீங்கிப்போய்க் கிடக்குது!… "ஜனா"… ஐயோ, சிரிப்புத் தாங்கேலாமக் கிடக்கு, என்ரை பேர் இவ்வளவு கொழுத்து நான் காணேல்லை… மற்றத் துண்டிலை "என்னைக் கட்"… பிறகு? பிறகு எங்கை?… அம்மா, மிச்சத் தோல் எங்கை?

போச்சு. மாட்டுக்குப் போட்டிட்டாவாம். வாசலிலை நிண்டு அசை போடுது.

…இல்லை, எனக்கு விளங்கேல்லை. என்னைக் கட்டும் எண்டோ, என்னைக் கட்டாதையும் எண்டோ? நீரே சொல்லும்… வெக்கமோ? ஆணி பிடிக்கேக்கை வராத வெக்கம் இப்ப எங்கையிருந்து வருது?… ஆக்கள் நிண்டா நிக்கட்டும். தள்ளிப் போனீரெண்டால் சிக்னல் இல்லை.

…என்ன? நாளைக்கோ?… உம்மடை அம்மா நாளைக்கு நாரந்தனைக்கு உமக்குப் பொம்பிளை பாக்கப் போறாவோ? இதை இப்பவோ சொல்லுறது! பழம் பழுக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனீரோ? ஒரு மனுசன் வாய் திறக்க வெள்ளரிக்கொடி பூத்துக் காய்ச்சுப் பழுக்கோணுமே!

சொல்லும்… பலமா…

…

திரும்பச் சொல்லும்… இல்லை, கேட்டது. நல்லாக் கேட்டது. இன்னொருக்காக் கேக்க ஆசையாக் கிடக்கு…

நானும் பழத்திலை எழுதி அனுப்பிறதெண்டால் ஒரு மாசம் செல்லும், அதுவரைக்கும் பொறுக்கேலாது…

ஓம்.

…ஓம் எண்டனான்… என்ன ஓமோ? முந்திச் சொன்னதெல்லாம் பழத்துக்குச் சொன்ன ஓம். இது—

ஹலோ?… பிரசாந்தன்?… ஹலோ?

அம்மா, என்ரை போனிலை சார்ஜ் முடிஞ்சுது, உங்கடை போனைத் தாங்கோ! கெதியா! இந்த மனுசன் இதையும் வைக்கலுக்குச் சொன்ன ஓம் எண்டு நினைக்கப்போகுது!