வண்டி நல்ல வண்டிதான்

பழைய வண்டி பார்க்கப் போவதென்றால் நல்ல வெயிலில் போக வேண்டும், ஐயா. மழையில் நனைந்தால் எந்த ஓட்டை வண்டியும் புதுசு மாதிரி மினுக்கும். பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட இது தெரியாது. நான் இருபத்திரண்டு வருடமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துத்தான் சோறு தின்கிறேன்.

அதனால்தான் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். என் ஒரே தங்கையின் புருஷன். இப்போதும் 'அவர்' என்றுதான் சொல்கிறேன், பாருங்கள். மரியாதையில் நான் குறை வைத்ததே இல்லை. ஆபீஸ் வேலையை உதறிவிட்டு ஆறு மாதம் மலைமலையாகச் சுற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்குப் பழைய கேம்பர் வேன் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். ஃபோர் வீல் டிரைவ். உள்ளேயே கட்டில், அடுப்பு, ஹீட்டர், எல்லாம் இருந்தன.

மாப்பிள்ளையிடம் ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் நடுவில் நான் வாயைத் திறந்தால் போதும், "மச்சான், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்பார். அவர் காரின் பிரேக்கைப் பற்றிப் பேசினாலும் அதுதான், அவர் வீட்டுப் பம்ப்பைப் பற்றிப் பேசினாலும் அதுதான். பத்து வருடம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும். அந்த ஆளை அப்படியே கழுத்தைப் பிடித்து ஜாக்கிக்கு அடியில் வைக்கலாமா என்று இருக்கும். சிரித்துக்கொண்டே ஸ்பானரை எடுத்துக்கொள்வேன்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நாங்க கோடையில மட்டும்தான் போவோம். ஹீட்டரத் தொட்டதே இல்ல" என்று தானாகவே சொன்னார். மாப்பிள்ளை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தங்கையைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் அடியில் புகுந்தேன். சேஸியில் துரு இல்லை. எண்ணெய்க் கசிவு இல்லை. ஹீட்டரின் புகைக்குழாய் மட்டும் கிளாம்ப் போய்த் தனியாகத் தொங்கியது. அதற்கு நேர் மேலே, கட்டிலுக்குக் கீழே, தரையில் ஒரு ஓட்டை. ஹீட்டரைப் போட்டால் புகை வெளியே போகாது. ஒரு கிளாம்ப், ஒரு தகடு, பத்து நிமிட வேலை.

சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். "மாப்பிள்ளை, அடியில ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆரம்பிச்சுட்டாரு. மச்சான், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இன்ஜின் எப்படி?"

"நல்லா இருக்கு."

"நாலு சக்கரமும் இழுக்குதா?"

"இழுக்குது."

"அவ்ளோதான். போய்க் கையக் கழுவு."

டாக்டர் சிரித்தார். நான் போய்க் கையைக் கழுவினேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஐயா. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.

கிளம்புவதற்கு முன் ஆயில் மாற்ற என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாற்றினேன். குழாய் அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. உள்ளே விஷப்புகை சேர்ந்தால் கத்துமே, அதுதான். அதில் பேட்டரி இல்லை என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். ஷெட்டில் சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதனால் எடுத்தேன்.

தங்கையை என் வீட்டிலேயே தங்கச் சொன்னேன். எங்களுக்கு அவள் பாப்பாதான். இரண்டு பிள்ளை பெற்றும் அந்தப் பேர் போகவில்லை. பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு, "அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது அண்ணா, நான் போகாம எப்படி?" என்று ஏறிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. "அண்ணா, இங்க பல்லு கிட்டுது. ஹீட்டர் போடலாமான்னு இவரு உன்னைக் கேக்கச் சொன்னாரு. ஒண்ணும் ஆகாதுல்ல?"

பத்து வருடத்தில் முதல் தடவையாக அவர் என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

"ஒண்ணும் ஆகாது பாப்பா. ஜன்னல நல்லாச் சாத்திட்டுப் போடு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து ரோடு போடுகிறவர்கள் கதவை உடைத்ததாகச் சொன்னீர்கள். இருவரும் தூங்கியபடியே கிடந்தார்களாம். மாப்பிள்ளை மேல் உனக்குக் கோபம், சரி; கூடப் பிறந்தவள் என்னய்யா செய்தாள் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். அவள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை.

கையைக் கழுவு என்று அவர் சொன்னபோது டாக்டர் சிரித்தார் என்றேன் இல்லையா. பாப்பா சிரித்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சிரித்தார்.