நீலப்பூ விதைகள்

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

உங்கள் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. மாதக்கணக்கில் சொல்ல நினைத்து விட்டுப்போயிற்று. இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. என் தங்கைக்கு மனநோய் கிடையாது.

நான் விதைப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். விடியலில் பூத்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும் நீலப்பூக் கொடி உண்டே, மார்னிங் குளோரி, அதன் விதையில் ஆல்கலாய்டு எனும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. தின்றால் குமட்டும், தலை சுற்றும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அந்த வேதிப்பொருள்களைச் செய்வது கொடி அல்ல. அதன் இலையில் குடியிருக்கும் ஒரு பூஞ்சை. விதையோடு அடுத்த தலைமுறைக்கும் கூடவே போகும். கொடியை அது வருத்துவதில்லை, பூச்சி அண்டாமல் காக்கிறது. அந்தப் பூஞ்சையின் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை.

எங்கள் அம்மா இறந்தபோது தங்கைக்கு ஒன்பது வயது. தலை பின்னிவிட்டதிலிருந்து காலேஜில் சேர்த்தது வரை நான்தான். எனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லிக்காட்டியதும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். அவர் வேறு ஊரில் கடை திறக்கிறாராம். அங்கேயே குடிபோகிறார்களாம்.

“உனக்குக் கண்ணு நல்லாத்தானே இருந்துது?” என்றேன்.

“அதனாலதான் அவரைக் கண்டுபிடிச்சேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத அண்ணா. மாசம் ஒரு தடவை வந்து உன் சட்டையில பட்டன் இருக்கான்னு பார்த்துட்டுப் போறேன்.”

மாதம் ஒரு தடவை.

எங்கள் வேலிக் கொடியின் விதையை அவளுடைய காலைத் தேநீரில் சேர்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கூடத்தில் பொய்யாக ஒரு சாம்பிள் எண் போட்டு, வீரியத்தை அளந்த பிறகுதான். அவளுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே. நாலு நாள் படுத்தாள்; கல்யாணம் தள்ளிப்போயிற்று. தேறினாள், மறுபடி தேதி வைத்தார்கள், மறுபடி சேர்த்தேன். வாந்தி எடுக்கும்போதெல்லாம் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டதும் நான்தான்.

அடுத்த பருவத்து விதை வந்தபோது கூடத்துக் கருவி பழுதாகிக் கிடந்தது. அதே கொடி, அதே வேலி என்று பழைய அளவையே நம்பிவிட்டேன். பருவத்துக்குப் பருவம் வீரியம் மாறும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அன்று பார்த்து மாப்பிள்ளையின் தாயார் வந்திருந்தார். தங்கை கட்டிலை விட்டு இறங்கவில்லை.

“தரையெல்லாம் தண்ணி, அத்தை. காலை மேல தூக்கிக்குங்க, முழுகிடுவீங்க” என்று அந்த அம்மாளின் முழங்காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். அன்று மாலைதான் அவளை முதன்முதலாக உங்களிடம் அழைத்து வந்தேன்.

உங்களிடம் வந்தால் ஒரு வாரத்தில் தெளிந்துவிடுவாள். கடைக்காரர் பழங்களோடு வந்து நிற்பார். “எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்ல, காத்திருக்கேன்” என்பார். ஆகவே வீட்டுக்கு வந்ததும் நான் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

“வீட்டுக்குப் போனா மட்டும் ஏன் சார் இப்படி ஆகுது?” என்று கேட்டீர்கள். சுவருக்கு என்ன பெயிண்ட் அடித்திருக்கிறது என்றுகூட விசாரித்தீர்கள். உண்மைக்குக் கை எட்டும் தூரம் வரை வந்து திரும்பிவிட்டீர்கள்.

போன வாரம் உங்கள் வார்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அவரை வேற பொண்ணைப் பார்த்துக்கச் சொல்லிட்டேன் அண்ணா. வீட்டுக்கும் இனிமே வரல. இங்கேயே இருந்துடறேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். உன் வாழ்க்கையை இன்னும் எத்தனை நாள்தான் நான் தின்னுட்டு இருக்கிறது?”

திரும்பும் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

அதனால்தான் இந்தக் கடிதம். மீதி விதையையும் தேதிவாரியாக எழுதிய குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்; சோதித்துப் பாருங்கள். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. எல்லாம் என் கையால் நடந்தது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம், மனசு தாங்கமாட்டாள். குணமாகிவிட்டது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். அவள் அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கம்பி போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துக்கொள்கிறேன்.

பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?