கூட ஒருத்தி

“ஏட்டி பிரிஜா, அந்த ஒண்ணு நீதானா?” என்று ரீசார்ஜ் கடை ஜெபிஷ் ஒருநாள் கேட்டான்.

கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். அரசாங்கம் தன்னிடம் உள்ள கணக்கையெல்லாம் மக்கள் பார்க்கட்டும் என்று இணையத்தில் டேஷ்போர்டு போட்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரைத் தொட்டால் எத்தனை குழாய், எத்தனை வள்ளம் என்று எல்லாம் வரும். பள்ளியைத் தொட்டால், படிப்பை நிறுத்திய பெண்கள்: 1. பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பெயர் இல்லை. பெயர் போட்டால் அந்தப் பிள்ளைக்குச் சங்கடம் என்று விட்டிருப்பார்கள். நல்ல மனிதர்கள்.

நான் பள்ளியை விட்டதற்குப் பெரிய காரணம் கிடையாது. காலை வணக்கத்தில் மைக் முன்னால் குறள் சொல்ல நிறுத்தினார்கள். வாய் திறக்கவில்லை. மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் போவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஊர் அதை மறந்தேவிட்டது. இப்போது கோயில் வாசலில் என்னைக் கண்டாலே, “லேய், ஒண்ணு வருது” என்றார்கள்.

பக்கத்து வீட்டு ரெஜிஷாதான் ஆறுதல் சொன்னாள். “விடு மக்கா. கூட ஒருத்தி இருந்திருந்தா ஆருன்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

ஆகவே யோசனை அவளுடையது. அவள் கெட்டிக்காரி. பத்தாம் வகுப்பில் அவள்தான் முதல். நர்ஸாகி குவைத்துக்குப் போவாள் என்று அவள் அம்மா குளோரி மாமி விடிந்ததும் தொடங்கிவிடுவாள்.

மாமி மீன் கூடையோடு பூதப்பாண்டிப் பக்கம் விற்கப் போவாள். மாமா கொச்சியில் போட்டில் இருந்தார். ரெஜிஷாவின் தம்பி டிஜோவுக்கு அங்கன்வாடியில் சேர்க்க வயதாகவில்லை. நடை பழகியதிலிருந்து வாசலைத் திறந்தால் நேரே கடலுக்குத்தான் போவான். பகல் முழுக்க அவனை இடுப்பில் வைத்திருந்தது நான்தான்.

நான் ஒன்றும் செய்யவில்லை. செய்துகொண்டிருந்ததை நிறுத்தினேன். நடுவு வலி, பிள்ளையை இடுப்பில் தூக்க முடியாது என்றேன்.

“எப்பம் தீரும் மக்களே?” என்று மாமி தைலம் தேய்த்துவிட்டாள். நல்ல கை அவளுக்கு. வலி இல்லாத இடத்திலும் சுகமாக இருந்தது.

தம்பியைப் பார்க்க ரெஜிஷா பள்ளிக்குப் போகாமல் வீட்டில் நின்றாள். முதலில் ஒரு வாரம் என்றாள். டீச்சர் தேடி வந்து, “ஏன் அவ வரல்ல? உனக்குத் தெரியுமா?” என்று என்னிடம் கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. தெரியாது என்பதுபோல் தலையைத்தான் ஆட்டினேன். பரீட்சையும் போனது. வலி எனக்கு இருந்ததே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் சாயங்காலம் ஜெபிஷ் கடையில் பார்த்தேன். 2. அப்பாவின் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ரெஜிஷா வீட்டுக்கு ஓடினேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“பாருட்டி, நீ சொன்ன மாதிரியே ஆச்சு. இனி ஒருத்தரும் ‘ஒண்ணு’ன்னு கூப்பிட மாட்டாவ.”

அவள் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் இடுப்பைப் பார்த்தாள். டிஜோ ஓடி வந்திருந்தான். பழக்கத்தில் தூக்கி வைத்திருந்தேன், ஒரு கையால்.

சந்தோஷத்தில் சிலருக்குப் பேச்சு வராது. எனக்கும் அப்படித்தான். மீன் கையைப் பாவாடையில் துடைத்தாள். டிஜோவை என் இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள்.