சத்து மாத்திரைச் சந்தா

மருந்து டப்பாவில் இருக்கும் பொடி எழுத்தை வாசிக்கப் பொறுமை வேண்டும் சார். எனக்கு அது வேலையோடு வந்த பழக்கம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருடம் நின்றிருக்கிறேன்.

இந்தச் சத்து மாத்திரையை அனுப்பியவள் வெளியூரில் இருக்கும் என் மகள். அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசு. மாதச் சந்தா; முதல் மாதம் சாப்பிட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். டப்பா வந்த அன்றே போன் செய்தாள்.

“அம்மா, அப்பாவுக்கு ஒத்துக்காதது எதாவது இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடு. உனக்குத்தான் தெரியும்.”

பார்த்தேன். மோசமான சரக்கு இல்லை. துத்தநாகம் அளவாக இருந்தது. இரும்பு சேர்க்கவில்லை, அந்த வயது ஆணுக்கு அதுதான் சரி. மூலிகைக் கலவை என்று ஒரு வரி. எது எவ்வளவு என்று சொல்லாமல் மழுப்பியிருந்தார்கள். ஒன்பதாவது வரியில் வைட்டமின் கே. மற்றவர்களுக்கு நல்லதுதான். என் கணவருக்கு இதயத்தில் உலோக வால்வு. அதில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும்.

டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அதுவரை என் மேல் தப்பு இல்லை.

அவரே அதைக் கண்டுபிடித்து எடுத்து வந்தார். “எனக்கு வந்ததை எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கே? இதைப் போட்டா இன்னும் இருபது வருஷம் ஜம்முனு ஓட்டிடலாம். சாப்பிடலாம்ல?”

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை. கூப்பிடுவார், அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்த பதினோரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவருக்காக வேலையை விட்டேன், கீரையைக்கூட அளந்து சமைத்தேன். நான் தட்டின் முன்னால் உட்கார்ந்தால்தான் அவருக்குக் கண்ணாடி காணாமல் போகும். அது மூக்கிலேயே இருக்கும். நான் அலுத்துப் போயிருந்தேன் சார். இருபது வருஷம் என்று கேட்டதும் டப்பாவின் மூடியைத் திறந்து கொடுத்தேன்.

“தாராளமா சாப்பிடுங்க” என்றேன். மகளிடமும் அதையே சொன்னேன்.

ரத்தம் கட்டுகிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு மாதாமாதம் நான்தான் அழைத்துப் போவேன். “தெம்பா இருக்கேன், எதுக்கு ஊசி?” என்றார். “உங்க இஷ்டம்” என்றேன். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே விஷயம் இஷ்டமாக இருந்தது அபூர்வம்.

நான்காவது மாதம், மதியம் சாப்பிடும்போது அவர் வாய் ஒரு பக்கம் கோணியது. கை தொங்கிப் போனது. கூப்பிடப் பார்த்தார், சத்தம் வரவில்லை. என் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மறுநாள் போய்விட்டார். வால்வில் கட்டிய ரத்தம் மூளையில் போய் அடைத்துவிட்டது, சத்து மாத்திரையில் இருந்த வைட்டமின் கேதான் காரணம் என்றார் டாக்டர்.

மகள் என் மடியில் விழுந்து அழுதாள். “நான் அனுப்புனதாலதானாம்மா?”

“தெரியாம செஞ்சதுக்கு நீ என்னடி பண்ணுவே” என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

பாவம், அவள் மாத்திரைக் கம்பெனி மேல் புகார் கொடுத்தாள். அவர்கள் என் கடிதத்தை எடுத்துக் காட்டினார்கள். நீங்கள் கையில் வைத்திருப்பது அதுதான். உலோக வால்வு வைத்தவர் இதைச் சாப்பிடலாமா என்று முதல் வாரமே கேட்டிருந்தேன். கூடவே கூடாது, உடனே நிறுத்துங்கள் என்று அன்றைக்கே பதில் போட்டார்கள். இரண்டு தடவை வாசித்தேன். அப்புறம்தான் மாதச் சந்தாவை வருடச் சந்தாவாக மாற்றினேன்.

நன்றாக விசாரிக்காமல் யாருக்கும் மருந்து கொடுத்து எனக்குப் பழக்கமில்லை சார்.