நாலாம் பொத்தானை நீக்கியது குறித்து

பெயர்: ஃப்ளோர்டெலிசா மக்பனுவா. வயது: 54. கணவர் பெயர்: ரொமுலோ மக்பனுவா. தொழில்: நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். முகவரி: எண் 18, இரண்டாம் சந்து, பாரங்காய் தபுக், சான் தெல்மோ நகரம், பனாய் தீவு. நாள்: 22.08.2016, காலை பத்து மணி.

மேற்படி முகவரியில் குடியிருக்கும் நான், யாரும் அழைக்காமல் நானாகவே இன்று காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். விடுதலை செய்யும்படி நீதிபதி சொன்ன நெமெசியோ பாலோ என்பவர் அதற்குப் பிறகும் நாற்பத்தேழு நாள் சிறையில் இருந்தது சம்பந்தமாக, எங்கள் அலுவலக எழுத்தர் ரைமார்க் எஸ்தாரிஸ் என்பவர் வேண்டுமென்றே உத்தரவை மாற்றினார் என்று நெமெசியோவின் மகள் அனாலின் புகார் கொடுத்திருக்கிறார். புகார் நிலைத்தால் ரைமார்க்குக்கு வேலை போகும், சிறையும் கிடைக்கும் என்பதை அறிவேன். அவருக்கு வயது 29. நெமெசியோ மேல் மீன் திருட்டு வழக்குப் போட்ட குளத்துக்காரர் கார்மெலோ தும்பகான், ரைமார்க்குக்குத் தாய்மாமன். இந்த உறவு புகாருக்கு வசதியாக அமைந்துவிட்டது.

நான் இருபத்திரண்டு வருடமாக சான் தெல்மோ நகர நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறேன். நீதிபதி அம்மா சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் குறித்து, பிறகு கணினியில் உத்தரவாக அடித்துக் கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. உத்தரவுகளில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்தான், பெயரும் தேதியும்தான் மாறும். அந்த வாசகங்களை ஒவ்வொரு தடவையும் அடிக்காமல், ஒரு பொத்தானைத் தட்டினால் தானாக வந்து விழும்படி பதின்மூன்று வருடத்துக்கு முன்பு நானே கருவிப்பட்டையில் செய்துவைத்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய மென்பொருளில் பொத்தானுக்குப் படமும் நாமே வரையலாம். கட்டம் கட்டமாக நிறம் வைத்து, விடுதலைக்குத் திறந்த கதவு, ஒத்திவைப்புக்கு நாற்காலி, ஜாமீனுக்குக் கைகுலுக்கல் என்று வரைந்தேன். கைகுலுக்கல் நண்டு மாதிரி வந்தது, ஆனாலும் எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு நான்கு வருடத்துக்கு முன்பு புதிய மென்பொருள் வந்தது. மேலே இருந்த மெனுக்கள் எல்லாம் போய் அகலமாக ஒரு பட்டை வந்து உட்கார்ந்தது. என் படங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல மூன்று வாரம் அலைந்தேன். தலைநகரத்திலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர், "எல்லாம் இதுலயேதான் இருக்கு மேடம், தேடினா கிடைக்கும்" என்றார். "தொலைச்சவங்கதான் தேடணும் சார், நான் எதையும் தொலைக்கலையே" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு நானே தேடிக் கண்டுபிடித்தேன். மேல் ஓரத்தில் உள்ள ஒரு சின்னப் பட்டையில் மட்டும் நம் பொத்தான்களை வைத்துக்கொள்ள விட்டிருந்தார்கள். படம் வரைய முடியாது, என் வாசகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான் கொடுத்தது. ஆனால் ஆல்ட் விசையோடு ஓர் எண்ணைத் தட்டினால் அந்த எண் வரிசையில் நிற்கும் பொத்தான் வேலை செய்யும். ஒன்று சேமிப்பு, இரண்டு நீதிமன்றத் தலைப்பு, மூன்று சாட்சிக்குச் சம்மன், ஐந்து விடுதலை, ஆறு காவல் நீடிப்பும் ஒத்திவைப்பும், ஏழு ஜாமீன், எட்டு அபராதம், ஒன்பது அச்சு. நாலாவதாகப் படம் ஒட்டுகிற பொத்தானை வைத்தேன். அதை நான் ஒருநாளும் தொட்டதில்லை. இந்தப் பக்கம் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்பது, அந்தப் பக்கம் ஒருவரை உள்ளே வைப்பது அல்லது வெளியே விடுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலி இருக்கட்டும் என்று வைத்தேன். அதன் பிறகு நான் திரையைப் பார்த்து அடித்ததில்லை. கண் குறிப்பேட்டில், கை விசையில். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதன் பிறகு இந்த வருடம் மே மாதம் கூரை ஒழுகி ரைமார்க்கின் கணினி கெட்டது. வேறு வரும்வரை இருவரும் என் கணினியையே பயன்படுத்துங்கள் என்று அலுவலகத் தலைமை எழுத்தர் அட்டர்னி கஸ்தில்யோன் சொன்னார். புதுக் கணினி இன்றுவரை வரவில்லை. ரைமார்க் எழுத்தைப் பெரிதாக்குவார், நான் சிறிதாக்குவேன். அவர் பாச்சோய் நூடுல்ஸ் கிண்ணத்தை விசைப்பலகை மேலேயே வைத்துச் சாப்பிடுவார், நான் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பேன். அக்கா என்பதற்கு எங்கள் ஊரில் மனாங் என்போம். ஒருநாள் அவர், "மனாங், கோர்ட்டுல படம் ஒட்டுற பட்டன் எதுக்கு? அம்மா தீர்ப்புல ரோஜாப்பூவா ஒட்டப் போறாங்க?" என்று கேட்டார். "அது கிடக்கட்டும், உன் வேலையைப் பாரு" என்றேன். அது எதற்கு என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அதன் பிறகு ஜூன் 17, வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டரைக்கு நான் சாப்பிடப் போனேன். அந்த நேரத்தில் ரைமார்க் அழைப்பாணை உறைகளுக்கு முகவரி அச்சிடத் தனக்கென ஒரு பொத்தானை என் பட்டையில் சேர்த்திருக்கிறார். அது பத்தாவதாக வந்திருக்கிறது. ஒன்பதைத் தாண்டினால் இரண்டு எண் தட்ட வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, யாருக்கும் பயன்படாதது என்று நினைத்து, நாலாவது பொத்தானை நீக்கியிருக்கிறார். அதனால் ஐந்து நாலாகவும், ஆறு ஐந்தாகவும், எல்லாமே ஓர் இடம் இறங்கிவிட்டன. இது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு ஒன்றரை மணிக்கு நீதிபதி அம்மா தன் அறையில் ஏழு உத்தரவுகளைச் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன். மூன்றாவது நெமெசியோவுடையது. குளத்துக்காரர் மூன்று வாய்தாவுக்கும் வராததால் வழக்கைத் தள்ளுபடி செய்து, நெமெசியோவை உடனே விடுதலை செய்ய வேண்டும் என்றார். அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அதன் பிறகு என் இடத்துக்கு வந்து அடிக்க ஆரம்பித்தேன். நெமெசியோவின் உத்தரவில் முன்பகுதியை அடித்து, கடைசிப் பத்திக்கு ஆல்ட் ஐந்து தட்டி, தாளை அச்செடுத்தேன். அச்சுக்கு மட்டும் நான் பொத்தானை நம்புவதில்லை, பழைய விசைதான். விழுந்த பத்தி, வழக்கு செப்டம்பர் 19-க்கு ஒத்திவைக்கப்படுகிறது, அதுவரை குற்றம் சாட்டப்பட்டவர் காவலிலேயே இருக்க வேண்டும் என்பது. அந்தத் தேதி, அன்றைய ஒத்திவைப்புகளுக்கென்று காலையிலேயே நான் பொத்தானில் போட்டுவைத்தது. மணி இரண்டு பத்து இருக்கும். தாளை நீதிபதி அம்மாவின் கையெழுத்துத் தட்டில் வைத்தேன்.

அதன் பிறகு இரண்டு ஐம்பதுக்கு ஆறாவது உத்தரவு, ஒரு ஜாமீன். நெமெசியோவுடையதைத் தவிர அதுவரை அடித்தவை எல்லாம் சாட்சிக்குச் சம்மன், மூன்றாம் எண் இடம் மாறவில்லை. ஏழைத் தட்டியதும் நீளமான அபராதப் பத்தி விழுந்து பக்கம் துள்ளியது. நிமிர்ந்து பார்த்தேன். பட்டையில் வேலியைக் காணோம்.

"யாருடா என் பட்டையில கை வச்சது?" என்று கேட்டேன். ரைமார்க் எழுந்து வந்து, "நான்தான் மனாங். ஒன்பதுக்குள்ள என்னோடது ஒண்ணு வரட்டும்னு அந்தப் பூப்பட்டனை மட்டும் தூக்கினேன்" என்றார். "உன் வீட்டு அடுப்படியில உப்பு டப்பாவையும் சோடா டப்பாவையும் நான் வந்து மாத்தி வைக்கட்டுமா?" என்று கத்தினேன். "அதுக்குத்தான் மனாங் டப்பா மேல பேர் எழுதி ஒட்டணும். உங்களுக்கு நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே கால்" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாட்சிகள் சிரித்தார்கள். "இருபத்திரண்டு வருஷத்துல என் எழுத்துல ஒரு புள்ளியை மாத்தச் சொல்லி யாரும் கேட்டதில்ல, தெரிஞ்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, அவருடைய பொத்தானை அழித்து, நாலாவதைத் திரும்ப வைத்து, ஜாமீன் உத்தரவைத் திருத்தி, ஏழாவதையும் அடித்து முடித்தேன். நான்கு மணிக்கு நீதிபதி அம்மா வந்து எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். என் தாள்களை அவர் படிப்பதில்லை. "ஃப்ளோர் அடிச்சதைப் படிச்சுப் பார்க்கிற நேரத்துல இன்னும் நாலு கேஸ் முடிச்சிடலாம்" என்று பலர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு உத்தரவு சிறைக்குப் போனது. அங்கே அதை நெமெசியோவுக்குப் படித்துக் காட்டி, செப்டம்பர் வரை இரு என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்கு நியமிக்கப்பட்ட இலவச வழக்கறிஞர் கையில் முந்நூறு வழக்கு. ஜூலையில் அடித்த புயலில், கரையில் கிடந்த நெமெசியோவின் படகை மேலே இழுத்துக் கட்ட ஆள் இல்லாமல் அது பாறையில் மோதி உடைந்தது. இதை அனாலின் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு ஆகஸ்ட் 3-ஆம் தேதி அந்த வழக்கறிஞர் வந்து, மூன்று வாய்தா வராதவனுக்காக எதற்கு இன்னும் ஒத்திவைப்பு என்று என்னிடம் கேட்டார். நான் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 'உடனே விடுதலை' என்று என் கையாலேயே குறித்திருந்தது. நானே நீதிபதி அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். அன்று மாலையே நெமெசியோ வெளியே வந்தார்.

அதன் பிறகு ஆகஸ்ட் 8-ஆம் தேதி நெமெசியோ எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கழுத்திலும் கையிலும் சிரங்கு. ஒரு பிளாஸ்டிக் பையில் சிப்பி கொண்டுவந்திருந்தார். "நீங்க அந்த நோட்டைத் திறந்து பார்க்கலைன்னா நான் அங்கேயே கிடந்திருப்பேன் மனாங்" என்று சொல்லி என் மேசையில் வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் இஞ்சி போட்டு அவித்தேன், என் கணவரும் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு 10-ஆம் தேதி அனாலின் புகார் கொடுத்தார். 12-ஆம் தேதி அட்டர்னி கஸ்தில்யோன் எங்களை விசாரித்தார். பொத்தானை நீக்கியது தான்தான் என்று ரைமார்க் ஒப்புக்கொண்டார். பட்டை மாறியது எப்போது தெரியும் என்று என்னைக் கேட்டதற்கு, ஆகஸ்ட் 3-ஆம் தேதி குறிப்பேட்டைத் திறந்த பிறகுதான் யோசித்துத் தெரிந்துகொண்டேன் என்றேன். ரைமார்க் என்னைப் பார்த்தார். அன்றே அவரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். மேலே நான் சொன்னபடி, எனக்கு ஜூன் 17-ஆம் தேதி இரண்டு ஐம்பதுக்கே தெரியும். அட்டர்னியிடம் சொன்னது பொய்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா என்று அதிகாரி கேட்டதற்கு, உண்டு என்றேன். நாங்கள் சண்டை போட்டதைச் சொன்னபோது ஒன்றை விட்டுவிட்டேன். நான் நாலாவது பொத்தானைத் திரும்ப வைத்த பிறகு ரைமார்க் குரலைத் தாழ்த்தி, "கோபப்படாதீங்க மனாங். மதியத்துலேர்ந்து அடிச்சதை ஒரு தடவை ரெண்டு பேருமா பார்த்துடலாமா? யாராவது மாட்டிக்கப் போறாங்க" என்றார். அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. நெமெசியோவின் தாள் கையெழுத்து ஆகாமல் தட்டில் இருந்தது. தட்டு என் நாற்காலியிலிருந்து ஆறடி. எனக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது. ஆனால் அப்போதுதான் ஊர் கேட்கக் கத்தியிருந்தேன், சாட்சிகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர் முன்னால் எழுந்துபோய் என் தாளை நானே புரட்டிப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. "என் எழுத்தைப் பார்க்க நீ யாருடா?" என்று கேட்டேன். அவர் போய் உட்கார்ந்துவிட்டார். இதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிகிறது. பொத்தானை நீக்கியது அவர். நாற்பத்தேழு நாள் என்னுடையது.

மேலே எழுதப்பட்டவை என் வாயால் சொன்னவை, உண்மையானவை. அதிகாரி அச்செடுத்துக் கொடுத்து, படித்துக்காட்ட வேண்டாம் அல்லவா, நீங்களே நீதிமன்ற ஊழியர்தானே, கையெழுத்துப் போடுங்கள் என்றார். நான் மறுத்து, எல்லாப் பக்கங்களையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கண்ணால் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் வேறு யாரோ கொடுத்த பழைய வாக்குமூலத்தின் ஒரு வரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை நீக்கச் சொல்லி, மறுபடி அச்செடுத்து, மறுபடி முழுவதும் படித்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஃப்ளோர்டெலிசா மக்பனுவா