இறந்தவருக்குக் கண் திறத்தல்

2008, சித்திரை. கடலூர்–சிதம்பரம் பேருந்து. எனக்கு முன்னிருக்கையில், சிதம்பரத்தில் புதிதாக போட்டோ ஸ்டூடியோ திறந்தவரும், அதே தொழிலில் மூத்த அவருடைய அக்காள் கணவரும்.

"செத்துப்போன ஒரு அம்மாவுக்குப் படத்துல கண்ணத் தொறக்கணும் மாமா. பாடையில எடுத்தத உட்டா வேற படமே இல்லியாம். பதினாறாம் நாள் படையலுக்குக் கேக்கறாங்க."

"அவுங்க தங்கச்சியப் படம் எடுத்து, கண்ண வெட்டி ஒட்டு."

"ஒட்டினேன். மொறைக்குது."

"லைட்ட எங்க வச்ச?"

"நேர் எதிர்ல."

"நேரா வைக்கக் கல்யாணப் பொண்ணா அவ? பாடையில வெயில் எடப்பக்கம். குடை லைட்டையும் எடப்பக்கமா ஒசத்தி வையி மச்சான். நெழல் ஒரே பக்கம் உழுந்தாத்தான் மூஞ்சி சேரும்."

"உக்கார வச்சாலே அழுவுறாங்க. கண்ணு செவந்துடுது."

"அழுவட்டும். கறுப்பு வெள்ளையில போட்டுடு. செவப்பு தெரியாது."

சிதம்பரத்தில் இருவரும் இறங்கினர்.

நான் இன்னும் செய்யாதவை:
என் மனைவியின் படங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது.
அதைப் பெரிதாக்கக் கொடுப்பது.
கூடத்துச் சுவரில் ஆணி அடிப்பது.